கார்க் கதவில் எங்கள் மலை

கறுப்புக் காரைப் படம் எடுப்பது கண்ணாடியைப் படம் எடுப்பது மாதிரிதான். எதிரில் இருப்பதெல்லாம் அதில் வந்து விழுந்துவிடும். ஈப்போவில் நான் வேலை செய்யும் பழைய கார் கடைக்கு எதிரே ஒரு டயர்க் கடை இருக்கிறது. அதன் மஞ்சள் பலகை, அடுக்கி வைத்த டயர்கள், மின்கம்பிகள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருக்கும் அதன் முதலாளி, கேமராவோடு குனிந்து நிற்கும் நான் என்று அத்தனையும் கார்க் கதவில் தெரியும். வாங்க நினைப்பவரின் கண் காரைப் பார்க்காமல் அந்தச் சந்தடியைத்தான் பார்க்கும்.

அதனால் படம் எடுத்து முடிந்த பிறகுதான் என் வேலையே தொடங்குகிறது. கணினியில் கதவு, முன்மூடி, பின்பக்கம் என்று ஒவ்வொரு தகட்டையும் தனியாகப் பிரித்தெடுப்பேன். அதில் விழுந்திருக்கும் பிம்பத்தைத் துடைத்து நிறத்தைச் சீராக்குவேன். பிறகு அதன்மேல் வேறொரு பிம்பத்தை மெல்லிய படலம்போல விரிப்பேன். மேலே வானம், நடுவில் ஒரு மலை, கீழே தண்ணீரின் வெளிச்சம். கதவு எப்படி வளைகிறதோ அப்படியே மலையும் வளைய வேண்டும். கைப்பிடி வரும் இடத்தில் அது முறிய வேண்டும். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல இருக்கும். குறைந்துவிட்டால் காரைச் சரியாகக் கழுவவில்லை என்று தோன்றும். சரியாக அமைந்தால், பல வருடம் ஓடிய கார்கூட இன்று காலையில்தான் பெட்டியிலிருந்து எடுத்து வைத்ததுபோல் நிற்கும்.

கீறலையும் நசுங்கலையும் நான் மறைப்பதில்லை. அவற்றுக்குத் தனியாகப் படம் எடுத்துப் போடுவோம். பிம்பம் மட்டும்தான் என் கைவேலை. ஈப்போவில் கார் விற்கும் இணையப் பக்கங்களைப் பார்ப்பவர்கள் எங்கள் கடைப் படங்களைத் தனியாக அடையாளம் காண்பார்கள். இதைச் சொல்லும்போது என் குரலில் பெருமை இருப்பதாக அம்மா சொல்வார். இருந்துவிட்டுப் போகட்டும். அப்பா ஆறாம் வகுப்போடு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர். அம்மா அதுவும் படிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தோட்டத்தில் யாராவது, "உங்க மக என்னா வேலை செய்யிது?" என்று கேட்டால், அம்மா என்னைச் சீண்டுவதற்கென்றே, "காடிக்குப் பவுடர் போட்டுவிடுற வேலை" என்பார். எங்கள் பக்கத்தில் காருக்குக் காடி என்றுதான் பெயர்.

அந்தத் தோட்டம் தஞ்சோங் ரம்புத்தான் போகிற சாலையிலிருந்து உள்ளே பிரிகிறது. கல்லூரியில் ஊரைச் சொன்ன முதல் நாளே, "எந்த வார்டு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அங்கே பெரிய மனநல மருத்துவமனை இருப்பதால் அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் கிடைக்கும் வரவேற்பு அது. பால்மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. பிறகு நிலத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கியது. வேலை முடிந்த பிறகும் போக இடமில்லாத குடும்பங்கள் இன்னும் தோட்டம் வரிசையாகக் கட்டிக் கொடுத்த அந்த லயத்து வீடுகளில்தான் இருக்கின்றன. பழைய நிர்வாகம் வீடு தருவதாகச் சொல்லியிருந்தது. புதிய கம்பெனி வெளியேறச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியது. வழக்கு நடக்கிறது. குடியிருப்பாளர் குழுவுக்கு அப்பாதான் தலைவர். தொழிற்சாலை பஸ் ஓட்டிவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு வீடுவீடாகப் போய்ப் பேசிவிட்டு வருவார்.

லயத்துக்குப் பின்னால் ஒரு குளம், குளத்துக்கு அப்பால் சுண்ணாம்புக்கல் மலை. அதன் இடது தோளைக் கல்லுடைப்பவர்கள் வெட்டி எடுத்துவிட்டார்கள். பல் விழுந்த வாய் மாதிரி அங்கே ஒரு பள்ளம். குளத்துக்குப் போகும் மண்சாலையின் குறுக்கே இரும்புச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறோம். நோட்டீஸ் ஒட்டிய புதிதில் தெரியாத கார்கள் உள்ளே வரும், காகிதத்தை விரித்துக் கையை நீட்டி நீட்டிப் பேசுவார்கள், போய்விடுவார்கள். அதற்குப் பிறகு எல்லோருமாகச் சேர்ந்து எடுத்த முடிவு அது. எல்லோருக்கும் தெரியாமல் எந்த வெளிக்காரும் சங்கிலியைத் தாண்டக் கூடாது. சாவி அப்பாவிடம் இருந்தது.

ஒரு தீபாவளி விடுமுறையில், மழை விட்ட காலையில், குளக்கரையில் நின்று மலையைப் படம் எடுத்தேன். வானம் கழுவிவிட்டதுபோல இருந்தது. தண்ணீர் அசையவில்லை. அந்தப் படத்தைத்தான் பிறகு கார்களுக்குப் பயன்படுத்தினேன். இணையத்தில் விற்கும் மலைகள் எத்தனையோ இருக்கின்றன. அவை வேறு ஊர் மலைகள், வேறு ஊர் வெளிச்சம். இது என்னுடையது. ஈப்போ நகரத்துப் பணக்காரக் கார்களின் கதவில் எங்கள் தோட்டத்து மலை மினுங்குவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு புதன்கிழமை மதியம் கடைப் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா அழைத்தார். வேலை நேரத்தில் அவர் அழைப்பதே இல்லை.

"எங்கம்மா இருக்கே?"

"கடையிலதான்பா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"அந்தக் கறுப்பு காடி யாருது?"

"இங்க கறுப்பு நாலஞ்சு நிக்குதுப்பா. எதைக் கேக்குறீங்க?"

"கதவுல நம்ம மலை தெரியுதே, அது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. லயத்தின் கடைசி வீட்டு மாமாதான் அதை இணையத்தில் பார்த்திருக்கிறார். பார்த்தவர் அப்படியே லயத்து ஆட்களின் கைப்பேசிக் குழுவில் போட்டுவிட்டார். கதவில் மலை, மலைக்குக் கீழே குளம். அப்படியென்றால் கார் குளக்கரையில் நின்றிருக்கிறது. குளக்கரைக்குப் போக வேண்டுமென்றால் சங்கிலியைத் திறக்க வேண்டும். சாவி அப்பாவிடம். படத்தை எடுத்தது அப்பாவின் மகள். இதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கம்பெனிக்காரர்கள் விடியற்காலையில் பெரிய காரில் நிலம் வாங்குபவர்களைக் கூட்டிவந்து காட்டுகிறார்கள், தலைவர் சங்கிலியைத் திறந்துவிடுகிறார் என்று பேச்சாகிவிட்டது.

"அந்த காடி அங்க வரவே இல்லப்பா. கடை வாசல்ல நின்னதுதான். மலைய நான் கம்ப்யூட்டர்ல போட்டேன்."

 அந்தப் பக்கம் பஸ்ஸின் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது.

"நீ சொன்னா எனக்குப் போதும்மா. அவங்களுக்கு நான் எப்படிச் சொல்றது? எனக்கே சரியா வெளங்கலியே."

அன்று மாலை முழுவதும் குழுவில் வந்த செய்திகளை அம்மா எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். படிக்கத் தெரியாதவர், ஆனால் எது நல்ல செய்தி, எது கெட்ட செய்தி என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "சாவி யாருகிட்ட இருக்கு, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்று ஒன்று. "மக படம் புடிக்கிது, அப்பா சங்கிலி தொறக்குறாரு, நல்ல குடும்பம் லா" என்று ஒன்று. அப்பாவின் பஸ்ஸில் தினமும் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் எழுதியிருந்தார்: "தலைவரே, எத்தனை வீடு குடுக்குறாங்களாம்? எங்களுக்கும் சொல்லுங்க."



மறுநாள் கடை முதலாளியிடம் அந்த விளம்பரத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் சீனர், நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். ஏன் என்று கேட்டார். அந்த மலையில் ஒரு பிரச்சினை என்றேன். மலையில் என்ன பிரச்சினை இருக்க முடியும், வாடிக்கையாளர்கள் எங்கே எடுத்தது என்று கேட்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறதே என்றார். விடாமல் கேட்டதில், சரி, வேறு படம் போடு என்றார். மதியத்துக்குள் மலையை எடுத்துவிட்டு வெறும் வானத்தை வைத்துப் புதிதாக ஏற்றினேன். அதுதான் பெரிய தவறாகப் போயிற்று. பொழுது சாய்வதற்குள் மாமா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவில் போட்டிருந்தார். "பாத்தீங்களா. மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சதும் மலையத் தூக்கிட்டாங்க."

வெள்ளிக்கிழமை இரண்டு குடும்பங்கள் அப்பாவிடம் வந்து, தாங்கள் தனியாகப் போய்க் கம்பெனியிடம் பேசிக்கொள்வதாகச் சொன்னார்கள். சண்டை போடவில்லை. மரியாதையாகவே சொன்னார்கள். அதை என்னிடம் சொல்லும்போது அப்பாவின் குரல் அடங்கிப்போயிருந்தது. ஒருவர் போனால் பத்து பேர் போவார்கள். எல்லோரும் ஒன்றாக நிற்கும்வரைதான் இது வழக்கு. பிரிந்துவிட்டால் கம்பெனி நீட்டுவதை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். இத்தனை வருடமும் அவர்களை ஒன்றாக நிறுத்தியிருந்தது அப்பாவின் சொல் மட்டும்தான்.

"ஞாயித்துக்கிழமை நீயே வந்து சொல்லும்மா" என்றார்.

ஞாயிறு காலை பூசை முடிந்து கோயில் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மடிக்கணினியோடு நுழைந்தேன். எப்போதும் என்னைக் கண்டதும் இடம் ஒதுக்கித் தரும் பஸ் அக்கா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மொதல்ல எம்மக பேசட்டும். அப்புறம் இந்தச் சாவி யாருகிட்ட இருக்கணும்னு நீங்க சொல்லுங்க."

திரையில் அந்தக் கறுப்புக் காரைக் காட்டினேன். மலைப் படலத்தை அணைத்தேன். மலை மறைந்தது. அடுத்ததை அணைத்தேன். கதவில் டயர்க் கடையும் அதன் முதலாளியும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். கடைசி வீட்டு மாமா சிரிக்கவில்லை. கட்டுமான லாரி ஓட்டுபவர். எதையும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

"இந்த டயர் கடைய நேத்து ராத்திரி ஒட்டிட்டு வந்தியாம்மா?"

"இல்ல மாமா, அதுதான் நெசம். மலைதான் ஒட்டினது."

"ஒட்டத் தெரிஞ்ச கைக்கு எதை ஒட்டினா என்னா."

எனக்குக் கோபம் வந்தது. இதற்குப் பதில் என்னிடம் இருந்தது. அவர்களை வெளியே அழைத்துப்போய், மாமாவின் மோட்டார் சைக்கிளிலேயே அவரை உட்காரச் சொன்னேன். குளத்துக்கு முதுகைக் காட்டி வண்டி நின்றது.

"திரும்பி மலையப் பாருங்க மாமா. பள்ளம் எந்தப் பக்கம்?"

"பொறந்ததுல இருந்து பாக்குறேன். இடது பக்கம்."

"இப்ப முன்னால திரும்பிக் கண்ணாடியில பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் திருகிச் சரிசெய்து மறுபடி பார்த்தார். "வலது பக்கம் இருக்கு."

"காடி உண்மையிலேயே குளத்துக்கிட்ட நின்னிருந்தா, அதோட கதவுலயும் பள்ளம் வலது பக்கந்தான் விழும். படத்துல எங்க இருக்கு பாருங்க."

படத்தில் பள்ளம் இடது பக்கம் இருந்தது. ஒழுங்காகச் செய்திருந்தால் மலையை இடம் வலமாகத் திருப்பியிருக்க வேண்டும். அப்படித் திருப்பினால் மலையின் வெயில் பக்கமும் காரின் வெயில் பக்கமும் ஒத்துப்போகவில்லை. யார் கவனிக்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டிருந்தேன். அந்த அசட்டைதான் இப்போது எனக்குச் சாட்சியாக நின்றது.

ஒவ்வொருவராக வந்து கண்ணாடியில் பார்த்தார்கள். பஸ் அக்கா பூசைத் தேங்காய் வைத்திருந்த பித்தளைத் தட்டைத் துடைத்து அதில் பார்த்தார். "ஆமா லா, மாறுது" என்றார். "பாவம், அந்த டயர் கடைக்காரன். நம்ம மலைய வச்சு அவன மூடிட்டியே." எல்லோரும் சிரித்தார்கள். யாரோ எனக்கு பால் விடாத தே ஓ ஒரு கோப்பை கொண்டுவந்து கொடுத்தார்கள். அக்கா மேசையிலிருந்து சாவியை எடுத்து அப்பாவின் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டு, "நான் எழுதினத மனசுல வச்சிக்காதீங்கண்ணே" என்றார். இறுகியிருந்த அப்பாவின் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன். அந்தச் சில நிமிடங்கள் நான் எவ்வளவு நிமிர்ந்து நின்றேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

மாமா இன்னும் மோட்டாரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"சரி. நீ சொன்னது வெளங்குது. அப்ப நம்ம வீட்டுப் படமெல்லாம்?"

"எந்தப் படம் மாமா?"

"லாயருக்குக் குடுக்க வீடுவீடா எடுத்தியே."

வழக்குக்காக லாயர் கேட்டிருந்தார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொரு வீடாகப் போய், சுவர், கூரை, தண்ணீர்க் குழாய், மின்சாரப் பெட்டி, கொல்லையில் போட்ட தோட்டம் என்று எல்லாவற்றையும் எடுத்து அடுக்கி வைத்திருந்தேன். நான் செய்த வேலைகளில் அதைத்தான் சிறந்ததாக நினைத்திருந்தேன்.

"அதுல நான் எதையும் ஒட்டல மாமா."

"ஒண்ணுமே செய்யலியா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "வெளிச்சம் மட்டும் கொஞ்சம் கூட்டினேன். சமைக்கிற குசினியெல்லாம் இருட்டா இருந்திச்சு. விரிசல் தெரியணும்ல."

"வெளிச்சம் கூட்டினியா" என்றார் அவர். அதில் குத்தல் இல்லை. அதனால்தான் எனக்கு வலித்தது. "எனக்கு உம்மேல சந்தேகம் இல்லம்மா. இப்ப இல்ல. ஆனா இன்னிக்குக் காலையில வரைக்கும் நான் எத நம்பினேன்? கண்ணால பாத்தத. அங்க கோர்ட்டுல அவங்க ஆளு எந்திரிச்சி, இந்தப் பொண்ணோட வேலை என்னான்னு கேட்டா?"

கொட்டகைப் பக்கமிருந்து ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கொஞ்சம் முன்பு சிரித்த அதே ஆட்கள். என் வீட்டுச் சுவரை எப்படி எடுத்தே, எங்க கூரையில என்னா செஞ்சே என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்கள். தனியாகப் போவதாகச் சொன்ன இரண்டு குடும்பத்து ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேமராவிலிருந்து இறக்கிய மூலப் படங்கள் அப்படியே இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். இப்போதே லாயருக்கு போன் போட்டுக் கேட்போம் என்றேன். சட்டப்படி அதில் எந்தத் தவறும் இருக்காது என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

அப்பா என் கையிலிருந்த கைப்பேசியைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"இது லாயருக்கு இல்லம்மா. இவங்களுக்கு."

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "எல்லா வீட்டையும் மறுபடி எடுப்போம். இன்னிக்கே. மாமா எடுக்கட்டும், அவரு ஹென்போன்லயே. எடுத்தது எடுத்தபடி போகட்டும். எம்மக எடுத்தது வேணாம்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மறுத்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும். எல்லோரும் அவரோடு கிளம்பினார்கள். அந்த இரண்டு குடும்பத்து ஆட்களும் கிளம்பினார்கள். முதல் வீட்டை நோக்கி அவர் நடக்க, பஸ் அக்கா ஏதோ பேசிக்கொண்டே கூடப் போனார். அப்பா மறுபடி அவர்களுடைய தலைவராகிவிட்டார். நான் மடிக்கணினியை மூடிக்கொண்டு பின்னால் போனேன்.

மாமா கைப்பேசியைச் சாய்த்துப் பிடித்தார். பாதிப் படங்களில் அவர் விரல் விழுந்தது. ஜன்னலைப் பார்த்து நின்று எடுத்ததில் சுவர்கள் கறுப்பாகிப் போயின. மூன்றாவது வீட்டில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"மாமா, வெளக்கப் போட்டுட்டு ஜன்னலுக்கு முதுகக் காட்டி நில்லுங்க."

"நீ சொல்லாதம்மா" என்றார் அப்பா. "அவரே எடுக்கட்டும்."

அதன் பிறகு நான் வீடுகளுக்குள் போகவில்லை. வாசலிலேயே நின்றேன். எங்கள் வீட்டு முறை வந்தபோதும் அப்படித்தான். உள்ளே அம்மா, மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கும் அந்த நீண்ட விரிசலைக் கையால் தொட்டுத் தொட்டுக் காட்டிப் பேசுவது கேட்டது. "இங்கண்ணே, இதுல இருந்து இது வரைக்கும்." மாமா ஒரு முறைதான் எடுத்தார். வெளியே வந்தவர் வெயிலைக் கையால் மறைத்துத் திரையைப் பார்த்தார், திருப்தி இல்லாமல் என்னிடம் நீட்டினார். அப்பா அவருக்குப் பின்னால் நின்றார்.

"நீதான் படிச்சவ. பாரு, விரிசல் தெரியுதா?"

சுவர் முழுவதும் இருட்டாக இருந்தது. அம்மாவின் கை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அது எதைக் காட்டுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

"தெரியுது மாமா" என்றேன்.